முதுகை அறிவோம், முதுகைக் காப்போம்

"நாரி நோகுது", "முதுகு உளையுது", "குனிஞ்சா எழும்ப ஏலாது". திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, குச்சவெளி என்று எந்தப் பிரதேசத்தில் பெண்கள் குழுக் கூட்டம் நடந்தாலும் இவற்றில் ஒன்றையாவது கேட்காமல் திரும்ப முடியாது. கடன், காணி, காணாமற்போனோர், பிள்ளைகளின் படிப்பு என்று பேசவேண்டிய விடயங்கள் நிறைய இருக்கின்றன. அதனால் முதுகு நோ பேச்சின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் முதுகு சும்மா ஓர் உறுப்பல்ல. போரின்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அதுதான். இடம்பெயர்ந்த முகாமில் வரிசையில் நின்று தண்ணீர் சுமந்ததும் அதுதான். இன்று கணவன் இல்லாத வீட்டின் முழுப் பாரத்தையும் தாங்கி நிற்பதும் அதுதான். அந்த முதுகுக்குள்ளே என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது, எதனால் பழுதாகிறது என்பதை அறிந்திருப்பது படித்தவர்களுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. வைத்தியரிடம் போகும்போது "இங்கே நோகுது" என்று கையால் காட்டுவதோடு நில்லாமல், வாயாலும் சொல்லத் தெரிந்தால் எங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பும் வேறாக இருக்கும்.

உடலைப் பற்றிய அறிவைத் தமிழில் பேசுவது எங்கள் நாட்டில் புதிய காரியமும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 1850களிலேயே மனித உடலின் அமைப்பைச் சொல்லும் நூல் அவரது முயற்சியால் தமிழில் அச்சாகியது. ஏறத்தாழ 170 வருடங்களுக்கு முன்னரே எங்கள் மொழியில் வந்த அறிவு, இன்னும் பல பெண்களின் கைக்கு எட்டவில்லை என்பதுதான் கவலைக்குரியது.

நடுவில் நிற்கும் 80 என்புகள்

வளர்ந்த மனிதரின் உடலில் பொதுவாக 206 என்புகள் உள்ளன. இவை சேர்ந்த அமைப்பை வன்கூடு என்கிறோம். இதை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். கை, கால்களும் அவற்றை உடலோடு பொருத்தும் தோள், இடுப்பு என்புகளும் ஒரு பகுதி. உடலின் நடுக்கோட்டில் நின்று எல்லாவற்றையும் தாங்குவது மற்றப் பகுதி. இதற்கு அச்சு வன்கூடு என்று பெயர். இதில் 80 என்புகள் உள்ளன.

தோணி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடியில் முன்னிருந்து பின்வரை ஒரு நீண்ட மரம் ஓடும். இரு பக்கமும் வளைந்த சட்டங்கள் அதில் பொருத்தப்படும். பலகைகளும் மற்ற எல்லாமும் அதற்குப் பிறகுதான். எங்கள் உடலிலும் முள்ளந்தண்டு அந்த அடிமரம் போலவும் விலா என்புகள் அந்தச் சட்டங்கள் போலவும் இருக்கின்றன. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தோணியின் மரம் வளையாது. எங்கள் முள்ளந்தண்டு வளையும், திரும்பும், குனியும், நிமிரும்.

அந்த 80 என்புகளின் கணக்கு இதுதான்: மண்டையோட்டில் 22, இரு காதுகளுக்குள்ளும் 6, தொண்டையில் 1, முள்ளந்தண்டில் 26, நெஞ்சுக்கூட்டில் 25.

தலையும் காதும்

மண்டையோட்டின் 22 என்புகளில் 8 என்புகள் மூளையைச் சுற்றிப் பெட்டிபோல அமைந்துள்ளன. மற்ற 14 என்புகள் முகத்தை ஆக்குகின்றன. இவற்றில் அசையக்கூடியது கீழ்த்தாடை ஒன்றுதான்.

பிறந்த குழந்தையின் தலையில் இந்த என்புகள் இன்னும் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்திருப்பதில்லை. பிரசவத்தின்போது தலை சற்று நெரிந்து வெளியே வரவும், பிறகு மூளை வேகமாக வளரவும் இது உதவுகிறது. நாங்கள் உச்சிக்குழி என்று சொல்லும் மெதுவான இடம் இதுதான். பெரும்பாலும் ஒன்றரை வயதளவில் இது மூடிவிடும். குழந்தைக்கு வயிற்றோட்டம் இருக்கும்போது உச்சிக்குழி உள்ளே தாழ்ந்தால் உடலில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு அது மேலே புடைத்து நின்றால் மூளையைச் சுற்றிக் கிருமித் தொற்று ஏற்பட்டிருக்கலாம். இரண்டும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டிய அறிகுறிகள்.

ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று சின்னஞ்சிறு என்புகள் இருக்கின்றன. இவற்றுள் மிகச் சிறியது ஏந்தியுரு. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளமான இதுவே உடலிலுள்ள மிகச் சிறிய என்பு. சத்தத்தின் அதிர்வைச் செவிப்பறையிலிருந்து உட்காதுக்குக் கடத்துவது இந்த மூன்றும்தான். குண்டோ ஷெல்லோ அருகில் வெடிக்கும்போது செவிப்பறை கிழியலாம். சிலவேளை இந்த என்புகளும் இடம்மாறிவிடலாம். உட்காதின் நரம்பும் பழுதாகலாம். "அம்மாவுக்குச் சொன்னது விளங்குதில்லை, அவவுக்கு மூளை குழம்பிப்போச்சு" என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். குழம்பியது மூளையா, கேளாமற்போனது காதா என்று முதலில் பரிசோதித்துப் பார்க்கவேண்டும். செவிப்பறைக் கிழிவையும் இந்த என்புகளின் பழுதையும் சத்திரசிகிச்சையால் சீராக்க வாய்ப்பு உண்டு.

தொண்டையில் ஒரு தனி என்பு

நாக்கின் அடியில், குரல்வளைக்கு மேலே, குதிரை லாடம் போன்ற ஒரு என்பு இருக்கிறது. நாவடி என்பு என்று அதைச் சொல்லலாம். அது வேறெந்த என்போடும் மூட்டாகப் பொருந்தாமல் தசைகளாலும் நாண்களாலும் மட்டும் தொங்கி நிற்கிறது. நாங்கள் விழுங்குவதற்கும் பேசுவதற்கும் அது துணைசெய்கிறது.

இதை ஒரு காரணத்துக்காகவே இங்கு விரிவாக எழுதவேண்டியுள்ளது. வீட்டு வன்முறையில் கழுத்தை நெரிப்பது ஒரு "கைகலப்பு" அல்ல. உயிருக்கே ஆபத்தான தாக்குதல். நாவடி என்பும் குரல்வளையும் கழுத்தின் இரத்தக் குழாய்களும் இதில் காயப்படலாம். வெளியே ஒரு தழும்பும் தெரியாமலே உள்ளே வீக்கம் ஏற்படலாம். மூச்சுத் திணறல் சில மணித்தியாலங்களுக்குப் பின்னரும் வரலாம். குரல் மாறினால், விழுங்கும்போது நோவு இருந்தால், கண்ணின் வெள்ளையில் இரத்தப் புள்ளிகள் தெரிந்தால், நினைவு தப்பியிருந்தால் அல்லது அறியாமல் சிறுநீர் போயிருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "விழுந்திட்டேன்" என்று சொன்னால் வைத்தியர் தேடவேண்டிய காயத்தைத் தேடமாட்டார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெற முடியும். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் நட்பு நிலையங்கள் இயங்குகின்றன. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முள்ளந்தண்டு: 33, பின்பு 26

குழந்தை பிறக்கும்போது முள்ளந்தண்டில் 33 முள்ளென்புகள் இருக்கும். வளர வளர அடியிலுள்ள சில ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் 26 ஆகின்றன. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறம் 12, நாரியில் 5. அதற்குக் கீழே 5 சேர்ந்து ஒன்றாகிய திருவென்பு. அதன் நுனியில், பொதுவாக 4 சேர்ந்து ஒன்றாகிய வாலென்பு.

கழுத்தின் முதல் முள்ளென்பு ஒரு வளையம் போன்றது. தலை அதன்மேல் இருந்து "ஓம்" என்று மேலும் கீழும் அசைகிறது. இரண்டாவது முள்ளென்பில் ஒரு முளை இருக்கிறது. அதைச் சுற்றியே தலை "இல்லை" என்று பக்கவாட்டில் திரும்புகிறது. கீழே போகப்போகச் சுமை கூடுவதால் முள்ளென்புகளும் பருமனாகின்றன. எல்லாவற்றிலும் பெரியவை நாரி முள்ளென்புகள். அதிகம் நோவெடுப்பதும் அந்த இடம்தான்.

ஒவ்வொரு முள்ளென்புக்கும் நடுவே துவாரம் உண்டு. இவை ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்படும்போது ஒரு குழாய் உருவாகிறது. மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண் என்ற நரம்பு வடம் இந்தக் குழாய்க்குள்ளே பத்திரமாக இருக்கிறது. வளர்ந்தவர்களில் இது நாரியின் முதலாம், இரண்டாம் முள்ளென்பு மட்டத்தில் முடிவடைகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரை வால்போலப் பிரிந்து கால்களுக்கும் சலப்பைக்கும் மலக்குடலுக்கும் செல்கின்றன.

முள்ளென்புகளுக்கு இடையில் மெத்தை போன்ற தட்டங்கள் உள்ளன. முள்ளந்தண்டின் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தத் தட்டங்கள்தான். பகல் முழுவதும் பாரத்தில் அமுங்கி, இரவில் படுக்கும்போது நீரை உறிஞ்சி மீண்டும் தடிக்கின்றன. அதனால் காலையில் நாங்கள் மாலையை விடச் சற்று உயரமாக இருக்கிறோம். வளர்ந்தவரின் தட்டத்துக்குள்ளே இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. அமுங்குவதும் விரிவதுமான அசைவினாலேயே அதற்கு உணவு போய்ச் சேருகிறது. ஆகவே சாதாரண நாரி நோவுக்கு நாட்கணக்கில் படுத்துக்கிடப்பது மருந்தாகாது. ஓரிரு நாள் ஓய்வெடுத்துவிட்டு மெதுவாக நடந்து, இலேசான வேலைகளைச் செய்வதே நல்லது.

பிறந்த குழந்தையின் முதுகு ஒரே வளைவாக இருக்கும். தலையை நிமிர்த்தும்போது கழுத்தின் வளைவும், எழுந்து நிற்கும்போது நாரியின் வளைவும் உருவாகின்றன. பெண்களின் நாரிக்கு ஒரு தனிச் சிறப்பு இருப்பதை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாரி வளைவுக்கு ஏற்ப ஆப்புப்போல் சரிந்திருக்கும் முள்ளென்புகள் ஆண்களில் இரண்டு, பெண்களில் மூன்று. கர்ப்பகாலத்தில் வயிற்றின் பாரம் முன்னே இழுக்கும்போது, பின்னே சாய்ந்து சமநிலையைக் காக்க இந்த அமைப்பு உதவுகிறது. "பொம்பிளையளின்ர முதுகு பலமில்லாதது" என்று சொல்வோருக்கு இதுவே பதில். இன்னோர் உயிரையும் சுமப்பதற்கென்றே அமைந்த முதுகு அது.

நெஞ்சுக்கூடு

நெஞ்சின் முன்பக்கம் மார்புப்பட்டை என்ற தட்டையான என்பு இருக்கிறது. இரு பக்கமும் 12 சோடி விலா என்புகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது ஒரே எண்ணிக்கைதான். மேலுள்ள 7 சோடிகள் மார்புப்பட்டையோடு நேரே பொருந்துகின்றன. அடுத்த 3 சோடிகள் தமக்கு மேலுள்ள கசியிழையத்தோடு சேருகின்றன. கடைசி 2 சோடிகள் முன்னே எதனோடும் சேராமல் நிற்கின்றன. இதயத்தையும் சுவாசப்பையையும் காப்பது மட்டுமல்ல, ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்து சுருங்குவதும் இந்தக் கூட்டின் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. வளர்ந்தவரின் உடலில் இரத்தக் கலங்கள் பெரும்பாலும் முள்ளென்பு, மார்புப்பட்டை, விலா, இடுப்பு என்புகளின் உள்ளேயுள்ள செம்மச்சையிலேயே உற்பத்தியாகின்றன.

துறைமுகத்துக்கு வந்த காயங்கள்

2009 பெப்ரவரி 10ஆம் திகதி, புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளர்களையும் ஏற்றிய முதலாவது கப்பல், சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் ஏற்பாட்டில் திருகோணமலைக்கு வந்தது. அதில் 200இற்கும் மேற்பட்ட நோயாளர்கள் இருந்தார்கள். மே மாதம் 9ஆம் திகதிவரை இந்தக் கப்பல் பயணங்கள் தொடர்ந்தன. பின்னர் புல்மோட்டையிலும் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். அங்கே மார்ச் மாதத்திலிருந்து இந்திய வைத்தியக் குழு ஒன்றும் சிகிச்சை அளித்தது. அந்த நாட்களில் கரையேறியவர்களில் கை, கால் இழந்தவர்களை எல்லோரும் கண்டார்கள். முள்ளந்தண்டில் சன்னம் பாய்ந்தவர்களின் காயம் அவ்வளவு வெளியே தெரியவில்லை. ஒரு சிறிய துவாரம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் எழுந்து நடக்கவில்லை.

முண்ணாண் எந்த மட்டத்தில் பழுதாகிறதோ அதற்குக் கீழே உணர்வும் இயக்கமும் குறைகின்றன அல்லது இல்லாமற்போகின்றன. நெஞ்சு மட்டத்தில் என்றால் கால்கள். கழுத்து மட்டத்தில் என்றால் கைகளும் கால்களும். கழுத்தின் மேற்பகுதியில் என்றால் மூச்சே நின்றுவிடலாம். முறிந்த என்பு பொருந்தும். ஆனால் அறுந்த முண்ணாணை மீண்டும் பொருத்தும் சிகிச்சை இன்றுவரை இல்லை. அதனால்தான் காயப்பட்டவரை எப்படித் தூக்குகிறோம் என்பது பெரிய விடயமாகிறது.

போர் முடிந்துவிட்டது. ஆனால் தென்னையிலிருந்து விழுகிறவர்கள், கிணற்றுக்குள் விழுகிறவர்கள், மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சில் நோயாளியை ஏற்றிப்போன காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் மூதூர்ப் பாதையின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்ட பின் தரைவழி இலகுவாகியிருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். எனவே அவசரப்பட்டு இரண்டு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவுக்குள் மடக்கி இருத்திக் கொண்டுபோகவேண்டிய தேவை இன்று குறைவு.

உயரத்திலிருந்து விழுந்தவர் கழுத்தோ முதுகோ நோகிறது என்றால், கால் விறைக்கிறது என்றால், அல்லது நினைவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். நெருப்பு, தண்ணீர், வாகனம் போன்ற ஆபத்து அருகில் இல்லையெனில் அவரை அசைக்காதீர்கள். எழும்பச் சொல்லாதீர்கள். குடிக்கக் கொடுக்காதீர்கள். ஒருவர் தலைமாட்டில் இருந்து, தலையை இரு கைகளாலும் உடலுக்கு நேராகப் பிடித்திருக்கவேண்டும். அம்புலன்ஸ் வரவே முடியாத இடமானால், நாலைந்து பேர் சேர்ந்து, தலைமாட்டில் இருப்பவர் எண்ணிச் சொல்ல, எல்லோரும் ஒரே நேரத்தில் உடலை மரக்குற்றிபோல ஒன்றாகப் பக்கவாட்டில் புரட்டி, ஒரு பலகையை அல்லது கழற்றிய கதவை அடியில் வைத்து, அதன்மேல் நேராகக் கிடத்திக் கட்டிக் கொண்டுசெல்லவேண்டும். வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாமல் முழு உடலையும் ஒன்றாகப் புரட்டவேண்டும். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. மூச்சு நின்றிருந்தால் மூச்சுக்கே முதலிடம்.

முண்ணாண் பழுதான பின்னும் வாழ்க்கை

முண்ணாண் பாதிக்கப்பட்டவர்களைப் பராமரிப்பது பெரும்பாலும் பெண்களே. தாய், மனைவி, மகள், சகோதரி. பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருக்கும்போதோ, அவரைப் பராமரிக்க ஆள் இருப்பது அரிது. கணவன் விட்டுப்போன கதைகளும் எங்களுக்குத் தெரியும்.

இவர்களின் உயிருக்கு முதல் எதிரி படுக்கைப்புண். உணர்வு இல்லாத இடத்தில் புண் வருவது அவர்களுக்கே தெரியாது. படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்தவேண்டும், அல்லது பக்கவாட்டில் சாயவேண்டும். அரை மணிக்கு ஒருமுறையாவது இது நடக்கவேண்டும். தினமும் ஒரு கண்ணாடியை வைத்து முதுகின் அடி, இடுப்பின் பக்கங்கள், குதிக்கால் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அழுத்தியும் மறையாத சிவப்போ கறுப்போ தெரிந்தால் அந்த இடத்தில் பாரம் படவே விடக்கூடாது. இரண்டாவது எதிரி சிறுநீர்த் தொற்று. ரியூப்பை எப்படிச் சுத்தமாகப் போடுவது, எத்தனை மணிக்கு ஒருமுறை எடுப்பது என்பதைத் தாதியிடம் கேட்டுப் பழகவேண்டும். காய்ச்சல், கலங்கிய மணமான சிறுநீர் என்றால் காத்திருக்கக்கூடாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். முண்ணாண் காயத்தின் பின் சில மாதங்கள் மாதவிடாய் நின்றுபோகலாம். அது பெரும்பாலும் திரும்ப வரும். அந்தப் பெண் கர்ப்பம் தரிக்கலாம், பிள்ளை பெறலாம். "இனி இவளுக்கு என்ன வாழ்க்கை" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே பெரிய வைத்தியசாலையில் பதிவுசெய்யவேண்டும். பிரசவ வலி அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். காயம் நெஞ்சு மட்டத்தின் 6ஆவது முள்ளென்பிலோ அதற்கு மேலேயோ என்றால் இரத்த அழுத்தம் திடீரென ஆபத்தாக உயரவும் கூடும்.

ராகமையிலும் கண்டி திகனையிலும் அரச புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பு முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக இயங்குகிறது. நோயாளியாக அல்லாமல் ஓர் அமைப்பின் அங்கத்தவராக ஒன்றுசேர்வது எவ்வளவு மாற்றத்தைத் தரும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

உடலில் தங்கிய சன்னங்கள்

சன்னத்தோடு வாழும் பெண்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். "எடுத்தால் ஆபத்து, இருக்கட்டும்" என்று வைத்தியர் சொல்லியிருப்பார். பல சந்தர்ப்பங்களில் அது சரியான முடிவுதான். தசைக்குள் ஆழமாக அசையாமல் இருக்கும் துண்டைத் தேடி வெட்டுவதால் அதிக சேதம் வரலாம். ஆனால் அத்தகைய பெண்கள் இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது.

முதலாவது, எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பினால், உடலில் உலோகத் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். இரும்புத் துண்டு அசைந்து நரம்பையோ கண்ணையோ இரத்தக் குழாயையோ காயப்படுத்தலாம். எக்ஸ்றே, சீ.ரீ. பரிசோதனைகளில் இந்தக் காந்த ஆபத்து இல்லை. இரண்டாவது, பழைய இடத்தில் புதிதாக வீக்கம், சீழ், காய்ச்சல், விறைப்பு வந்தால் "பழைய காயம்தானே" என்று இருந்துவிடக்கூடாது. பழைய எக்ஸ்றே, வைத்தியசாலைத் துண்டு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் புதிதாக ஒரு எக்ஸ்றே எடுத்துத் தரும்படி கேளுங்கள்.

குடமும் கடகமும்

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லீற்றர் பிளாஸ்ரிக் கானில் 20 கிலோ. நாளுக்கு ஐந்து நடை நடந்தால் 100 கிலோ. இதை ஒரே பக்க இடுப்பில் வைத்து வருடக்கணக்காகச் சுமக்கும்போது முள்ளந்தண்டு ஒரு பக்கம் வளைந்தே வேலை செய்கிறது. ஒரு பெரிய கானுக்குப் பதிலாக இரு கைகளிலும் இரண்டு சிறிய கான்கள் நல்லவை. குடம்தான் என்றால் ஒவ்வொரு நடைக்கும் பக்கம் மாற்றுங்கள். கிணற்றுக்குக் கப்பி பொருத்துவது பெரிய செலவல்ல. சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுவர முடிந்தால் அதில் வெட்கமும் இல்லை.

நிலத்திலிருந்து பாரம் தூக்கும்போது இடுப்பால் குனியாமல் முழங்காலை மடித்து இருந்து, பாரத்தை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து, காலின் பலத்தால் எழுங்கள். பாரம் உடலைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு நாரித் தட்டம் நெரிபடும். தூக்கியபடியே இடுப்பைத் திருப்பாதீர்கள். காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள். கருவாடு காயவைக்கும் தட்டியை இடுப்பளவு உயரத்தில் கட்டலாம். வயலில் களை பிடுங்கும்போது அரை மணிக்கு ஒருமுறை வரம்பில் ஏறி நிமிர்ந்து கையைப் பின்னே ஊன்றி வளையலாம். அந்த இரண்டு நிமிடத்துக்குக் கூலியைக் குறைப்பவரிடம் குழுவாக நின்று பேசலாம்.

ஐம்பதுக்குப் பின்

என்பு உயிருள்ள இழையம். அது பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஏறத்தாழ 30 வயதுவரை சேமிப்பு. அதற்குப் பின் செலவு. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ரஜன் குறைவதால் பெண்களில் செலவு வேகமாகிறது. என்பு உள்ளே நுண்துளைகளாகி, தும்மினாலோ ஒரு வாளியைத் தூக்கினாலோகூட முள்ளென்பு அமுங்கி உடையலாம். முதுகு கூனுவதும் உயரம் குறைவதும் "வயசு போனதால" மட்டும் அல்ல. போரில் கருப்பை, சூலகம் அகற்றப்பட்ட பெண்களுக்கும், இளவயதிலேயே மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இது முன்னதாகவே வரலாம்.

இதற்கான உணவு எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை, பால், தயிர். நல்ல மீனைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றும் பழக்கத்தை நாங்களே நிறுத்தவேண்டும். தினமும் கொஞ்சம் வெயிலும் நடையும் தேவை. வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கும், உடலை முழுதும் மூடி உடுப்பவர்களுக்கும் வெயிலால் கிடைக்கும் வைற்றமின் டி குறையலாம். கிண்ணியா, மூதூர் ராத்தாமார் வளவுக்குள்ளே, மறைவான இடத்தில் கொஞ்ச நேரம் வெயில் காயலாம். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதை விடுவது என்புக்கும் நல்லது, வாய்க்கும் நல்லது. 35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போகவேண்டும். எந்த நாளில் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்வார்.

எப்போது பொறுத்திருக்கக்கூடாது?

பெரும்பாலான நாரி நோ சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் இரு கால்களும் பலம் குறைந்தால், தொடைகளுக்கு நடுவே விறைத்தால், சிறுநீர் போகாமல் நின்றால் அல்லது அடக்க முடியாமல் போனால் அன்றே வைத்தியசாலை. தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகப் பழுதாகிவிடும். காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு ஆகியவற்றோடு முதுகு நோ இருந்தால் முள்ளந்தண்டுக் காசநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகு நோ வந்தாலும், விழுந்தபின் நோ குறையாவிட்டாலும் காட்டவேண்டும். நோவுக்குளிசையை மாதக்கணக்காகக் கடையில் வாங்கி விழுங்குவதால் குடலும் சிறுநீரகமும் கெட்டுப்போகலாம். இயன்மருத்துவரிடம் அனுப்பும்படி கேட்பது எங்கள் உரிமை.

சில பெண்களின் முதுகு நோவுக்கு எக்ஸ்றேயில் ஒன்றும் தெரிவதில்லை. அதனால் நோ பொய்யாகிவிடாது. நித்திரையில்லாத இரவுகளும் தீராத துக்கமும் தசைகளை இறுக்கி, சிறு நோவையும் பெரிதாக உணரவைக்கும். காணாமற்போன மகனைத் தேடும் தாயின் முதுகு நோவுக்குத் தைலம் மட்டும் போதாது. பக்கத்தில் இருந்து கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குவோம். குடும்பநல உத்தியோகத்தரை அழைப்போம். ஒரு பழைய கதவையும் இரண்டு சாரங்களையும் வைத்துக் காயப்பட்டவரைப் புரட்டித் தூக்கும் முறையைப் பழகிப் பார்ப்போம். ஊரில் படுக்கையில் இருப்பவர் யார், அவரைப் பராமரிக்கும் பெண் எத்தனை நாளாக ஓய்வில்லாமல் இருக்கிறார் என்று கேட்டு, வாரத்தில் ஒரு பின்னேரம் அவருக்குப் பதிலாக யார் போவது என்று முறை போடுவோம். பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடம் அவருக்குரிய கொடுப்பனவு பதியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்போம். இவ்வளவு காலமும் எங்கள் முதுகுகள் குடும்பத்தைச் சுமந்தன. இனி அந்த முதுகுகளை நாங்கள் கவனிப்போம்.